வலிக்கு மூணு மார்க்

அத்தியாயம் 14

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மாப்பிள்ளை அருள்பாண்டி விட்ட ஒரே குறட்டையில், மண்ணூர் ரோட்டில் நாற்பத்துநாலு கம்பெனி பஸ் பதினொரு நிமிஷம் அப்படியே நின்றது. ஒரு வண்டிகூட ஹார்ன் அடிக்கவில்லை. முதல் பஸ்ஸின் கண்ணாடியில் உட்கார்ந்திருந்த தட்டான்பூச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டது. யமன் அந்த வழியாக வந்திருந்தால் அவனும் எருமையை விட்டு இறங்கி, அதன் கழுத்து மணியைக் கையால் பொத்திக்கொண்டு, நாற்பத்தைந்தாவது வண்டியாக வரிசையில் நின்றிருப்பான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முப்பத்தொரு வருஷம் வாலாஜாபாத்தில் லாரி எடைமேடையில் உட்கார்ந்து, ஒரு கிலோ கூட்டாமல், ஒரு கிலோ குறைக்காமல் சீட்டு எழுதினவன் இந்தக் கோதண்டராமன். அப்போது கூட்டாமல் விட்ட கிலோவையெல்லாம் ரிட்டயர் ஆன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அதைத் தாங்காமல்தான் என் வீட்டுக்காரி சின்னப்பொண்ணு ஒரு வாரமாகத் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள்.

அருள்பாண்டியை உங்களுக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்தவன், கீழே என் மகள் பூஜாவைப் பார்த்தான், மாப்பிள்ளையாகக் கீழே இறங்கிவிட்டான். எட்டு மாசத்துக்கு முன்னால் கம்பெனியில் பிரஸ் மெஷினில் அவன் இடது கை மாட்டியது. எலும்பு கூடிவிட்டது. தையல் ஆறிவிட்டது. எக்ஸ்ரே பளிங்கு மாதிரி இருக்கிறது. வலி மட்டும் போகவில்லை. ஃபேன் காற்று பட்டால் அந்தக் கை எரிகிறது. சட்டை உரசினால் எரிகிறது. எட்டு மாசமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருக்கிறான்.

போன வாரம் என் மகன் தமிழ்வாணன் அருள்பாண்டியின் சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது பதினொரு காலி மாத்திரை அட்டைகள் தரையில் விழுந்தன அல்லவா? 'எக்ஸ்ரே கிளியர், ஆனா வலி வலின்றாரு. இப்ப புரியுதாப்பா? மாத்திரைக்கு அடிமையாயிட்டாரு' என்று அவன் சொன்ன இடத்தில் கதையை விட்டேன். வலி கிளினிக்கில் காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது அட்டைக்குச் சீட்டு தருவார்கள், அதற்காகத்தான் சேர்த்து வைத்திருக்கிறார் என்று பூஜா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். தமிழ்வாணன் நம்பவில்லை. இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் அவனுக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. சூரியன் உதித்தது என்றால் மூணு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் குட்மார்னிங் சொல்வான்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணி. ஊரே பால் கொட்டினாற்போல் பனியில் கிடந்தது. கம்பெனி பஸ்களின் உள்விளக்குகள் மட்டும் நீல நீலமாக மிதந்து போயின. சக்கரம் தரையில் பட்டதா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

தமிழ்வாணன் வாசற்படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் ஃபார்மை நீட்டினேன்.

"ஒரு கையெழுத்துடா. வூட்ல ரெண்டு பேர் போடணுமாம். நான் போட்டுட்டேன்."

"இன்னா ஃபார்ம்?"

"மாத்திரையை நாம பூட்டி வச்சிக்கினு வேளைக்கு ஒண்ணா எடுத்துக் குடுக்கிறோம்னு எழுதித் தரணும்."

"பூஜா போடட்டும்."

"பொண்டாட்டி கையெழுத்து செல்லாதாம். பாசத்துல ஒண்ணு கூடக் குடுத்துடுவாங்களாம்."

"பாத்தியா? டாக்டருக்கே டவுட்டு கீது." அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "ரீடிங் இல்லாம நான் எதுலயும் சைன் பண்ண மாட்டேன்பா. வலியை நீ பாத்தியா? நான் பாத்தேனா? அட்டையைத்தான் பாத்தேன்."

அருள்பாண்டி உள்ளே கதவோரம் நின்றிருந்தான். இடது கையை உடம்பில் படாமல், தளும்பத் தளும்ப காபி ஊற்றின டம்ளரைப் பிடித்திருப்பவன் மாதிரி, தனியாகத் தூக்கி வைத்திருந்தான்.

"விடுங்க மாமா," என்றான். "மச்சான் சொல்லுததுலயும் நியாயம் இருக்குல்லா."

இதுதான் என் மாப்பிள்ளை. வீடு தீப்பிடித்தாலும் கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது என்பான்.

தமிழ்வாணன் பனிக்குள் நடந்து மறைந்தான். பூஜாவுக்கும் ஷிஃப்ட். கைக்காக அலைந்து அலைந்து லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, இன்னிக்கி கடைசி செக்கப். வலிக்கு மார்க் ஏழு வந்தாத்தான் கழுத்துல ஊசி போடுவாங்களாம். வரலைன்னா ஃபைலை மூடிடுவாங்க, இருக்கிற மாத்திரையும் நிறுத்திடுவாங்க."

"ஏழு தானே? நான் எழுபது வாங்கித் தரேன்."

"அதான் வேணாங்கிறேன். நீ பேசாத. உன் வாயில மூணு முப்பதாயிடும். அவரே பேசட்டும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, பண்ணினேன்.

வலி கிளினிக் ஒரகடம் தாண்டி, வாலாஜாபாத் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் ஏரிக்கு அடியில் இறங்கினாற்போல் இருக்கும். பச்சைத் திரை, ஏசியின் முனகல், மூலையில் ஒரு மீன் தொட்டி. சத்தத்தை அணைத்துவிட்ட டிவியில் யாரோ எதற்கோ அழுதுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் முட்டியையோ தோளையோ இடுப்பையோ, அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி, ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன்களும் மெதுவாகத்தான் திரும்பின. அவற்றுக்கும் முதுகுவலி என்று நினைக்கிறேன்.

சுவரில் விதிகள் எழுதின பலகை தொங்கியது. மாத்திரை பதினாலு நாளைக்கு மட்டும். காலி அட்டை இல்லையேல் புது அட்டை இல்லை. பஸ்ஸில் விழுந்தது, எலி கடித்தது போன்ற காரணங்கள் ஏற்கப்படா. ஏழு மார்க்குக்குக் கீழே ஊசி கிடையாது.

பக்கத்தில் ஒரு பெரியவர், பெயர் சங்கரநாராயணன், டிரெய்லர் ஓட்டி முதுகெலும்பைக் கரைத்தவர். ஒரு மருந்துச் சீட்டை விசிறியாக வீசிக்கொண்டிருந்தார். சீட்டு எப்படி விசிறியாகும் என்று பார்த்தேன். லேமினேஷன் செய்திருந்தார்.

"இன்னா சார் இது?"

"கிழிஞ்சா புதுச் சீட்டு தர மாட்டேன்னாங்க. அதான் பத்திரமா லேமினேட் பண்ணேன். இப்ப மாத்திரை குடுத்தா சீட்டு மேல கடைக்காரர் சீல் குத்தணுமாம். இது மேல சீல் ஒட்ட மாட்டேங்குது. வழுக்கிக்கினு போவுது." அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஏழெட்டுக் கடைகளின் சீல், எல்லாம் ஊதா ஊதாவாய்க் கலைந்து மேகம் மாதிரி தெரிந்தது. "ஒன்பது மெடிக்கல் ஷாப். ஒருத்தன் என் கண்ணை இழுத்துப் பாக்குறான். இன்னொருத்தன், 'பெரியவரே, பேரனுக்கு வாங்குறியா'ன்றான்."

"எனக்கும் அப்படித்தான்," என்றான் அருள்பாண்டி. "ஒத்தக் கைய ஒளிச்சு வச்சுக்கிட்டு மாத்திரை கேக்கேன்லா. கடையில எல்லாரும் பர்ஸைத் தொட்டுப் பாத்துக்கிடுதாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கும்போது ஏசிக் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. சிரிப்பு அப்படியே நின்று, உதட்டுக்கு மேல் வேர்த்தது.

டாக்டர் ரத்னாவின் அறைக்குள் போனோம். நாற்பது வயசுக்காரம்மா. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, தராசு முகம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. பதினொரு காலி அட்டைகளையும் வாங்கி எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு வலி நோட்டைத் திறந்தார். வீட்டில் தினம் மூணு வேளை, வலிக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு மார்க் போட்டு எழுதி வர வேண்டிய நோட்டு.

"அருள்பாண்டி, பதினாலு நாளும் மூணு. காலையில மூணு, மத்தியானம் மூணு, ராத்திரி மூணு. ஒரு நாள்கூட மாறலை."

"ஆமா மேடம்."

"இப்போ எவ்வளவு?"

சுவர் ஃபேன் சுற்றி வந்து அவன் கையைத் தடவிவிட்டுப் போனது. அவன் காலால் தரையை அழுத்திக்கொண்டான்.

"மூணுதான் மேடம்."

"மூணுன்னா சாதாரண மாத்திரையே போதும். கடுமையான மாத்திரையை நான் நிறுத்தணும். ஊசியும் தேவையில்லை. விதி அப்படி. சந்தோஷம்தானே?"

"சரிங்க மேடம்."

சத்தியம் பண்ணின கை எனக்கு அரித்தது. வாய் அதைவிட அரித்தது.

"மூணா?" என்று எழுந்தேன். "பதினேழு மேடம்! பத்துக்குப் பதினேழு! போன வாரம் அந்தக் கை மேல ஒரு கொசு உக்காந்துச்சு. இவன் எகிறின எகிறுல எங்க வூட்டு மொட்டைமாடி நாலு இன்ச் மேல போயி இன்னும் எறங்கலை. வேணும்னா வந்து அளந்து பாருங்க!"

டாக்டர் பேனாவை மூடினார். பேனா மூடின சத்தம் எனக்குக் கேட்டை மூடின சத்தமாகக் கேட்டது.

"ஐயா, இந்த நாற்காலியில தினம் இருபது பேர் உக்காந்து பத்துக்குப் பன்னெண்டுன்னு சொல்றாங்க. அதுல யாராவது ஒருத்தர் இந்த மாத்திரையை எடுத்துட்டுப் போய் காலேஜ் வாசல்ல விக்கிறார். யார்னு நெத்தியில எழுதியிருக்காது. எனக்கு இருக்கிற ஒரே துணை இந்த நம்பர்தான். அதையும் கூட்டிச் சொன்னா நான் எதைப் பாக்குறது? நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

நியாயம். எடைமேடையில் உட்கார்ந்தவனுக்கு இந்த வார்த்தை புரியாமல் போகுமா? லாரிக்காரன் ஆயிரம் சொல்வான். முள் சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

கதவு வரைக்கும் போய்விட்டேன். ஆனால் முள்ளின் மீதே சந்தேகம் வந்தால்?

எங்கள் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் இருபது கிலோ, முத்திரை குத்தினது. முள் பொய் சொல்கிறதோ என்று தோன்றினால், தெரிந்த எடையை மேடையில் வைத்துப் பார்ப்பேன். இருபது வைத்தால் இருபது காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் லாரிக்காரனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மேடையைத்தான் திருத்த வேண்டும்.

கதவிலிருந்தே கேட்டேன். இந்தத் தடவை குரலைக் கூட்டவில்லை.

"மாப்ளே, லைன்ல காலையில ஒரு போர்டுல நம்பர் எழுதணும்னு சொல்லுவியே. அது இன்னாது?"

"அதா மாமா? உடம்பு எப்படி இருக்குன்னு ஜீரோலருந்து பத்து வரைக்கும் அவனவன் பேருக்கு நேரா எழுதணும். அஞ்சுக்கு மேல எழுதுனா செவப்பு காந்தம் ஒட்டி லைன விட்டு இறக்கிருவாவ. ஓ.டி. காசு போச்சு. அந்த மாசம் டீமுக்கே கப்பு போச்சு. அதனால எல்லாரும் ரெண்டு, மூணுதான் எழுதுவோம்."

"எத்தினி வருஷம் எழுதினே?"

"ஆறு வருஷம் மாமா."

"உனக்கு டெங்கு வந்துச்சே, அன்னிக்கி?"

"ரெண்டு."

"கடவாப் பல்லு புடுங்கின மறுநாள்?"

"அன்னைக்கும் ரெண்டுதான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என்னை வெளியே போகச் சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"மெஷின்ல கை மாட்டின அன்னிக்கி?"

வெளியே மீன் தொட்டியின் மோட்டார் குமிழ் விடுகிற சத்தம் கேட்டது. அருள்பாண்டி தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது யாரோ ஒருவருடைய கை, அவர் வந்து வாங்கிக்கொண்டு போவார் என்பது மாதிரி.

"ஆம்புலன்ஸ்ல கேட்டாவ மாமா."

"இன்னா சொன்னே?"

"நாலு."

டாக்டர் மூடின பேனாவை மறுபடி திறந்தார்.

"அஞ்சுன்னு சொல்லத்தான் நெனச்சேன் மேடம்," என்றான், தப்புப் பண்ணின பிள்ளை மாதிரி. "அஞ்சைத் தாண்டிட்டா லைன விட்டு இறக்கிருவாவளேன்னு..."

கை நசுங்கி, ரத்தத்தில் ஊறி, ஆம்புலன்ஸில் மல்லாந்து கிடந்துகொண்டு, லைனை விட்டு இறக்கிவிடுவார்களே என்று பயந்திருக்கிறான்! இதில் நான் ஒரு கிலோகூடக் கூட்டவில்லை. கூட்ட இடமில்லை.

டாக்டர் ரத்னா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்து நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். நாற்பத்திரண்டு மூணுகள்.

"நசுங்கின கை நாலு. அதுதான் இவருக்குப் பத்து," என்றார் மெதுவாக. "அப்போ மூணு எவ்வளவு?"

"ஏழரை மேடம்," என்றேன்.

ரிட்டயர் ஆன பிறகு நான் சொன்ன முதல் சரியான எடை அதுதான்.

அவர் தலையை ஆட்டினார். போர்டு, டெங்கு, பல், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பக்கம் முழுக்க எழுதினார். அடியில் ஏழரை என்று போட்டுக் கையெழுத்திட்டார். "காலையில எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. ஊசி போடுவார்களோ என்னவோ என்று பூஜா பட்டினி போட்டே அனுப்பியிருந்தாள்.

கழுத்தின் இடது பக்கம், ஸ்கேன் மெஷினில் பார்த்துப் பார்த்து, ஒரு ஊசி. அவ்வளவுதான். கையில் எரிகிற நெருப்புக்குக் கழுத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். எட்டு மாசமாக அதை யாரும் தொடவில்லை.

ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில். பச்சைத் திரை லேசாக அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய இடது கண் இமை மட்டும் பாதி இறங்கியது. வலது கண் முழித்திருக்க, இடது கண் முதலில் தூங்கப் போய்விட்டது. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். ஊசி சரியான இடத்தில் இறங்கினால் அப்படித்தான் ஆகும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றாள்.

"மாமா," என்றான் கரகரத்த குரலில். "கை வெதுவெதுன்னு இருக்கு."

"எரியுதா?"

"எரியல." கொஞ்சம் யோசித்தான். "குத்தாலத்துல குளிச்சிட்டு வந்து பாறையில உக்காந்திருப்போம்லா, வெயில்ல. அப்படி இருக்கு."

சொல்லிவிட்டு அந்தக் கையை மெல்ல, மெல்ல, தன் தொடை மேலேயே இறக்கி வைத்தான். எட்டு மாசத்துக்குப் பிறகு அந்தக் கை தரையிறங்கியது. ஆகாய விமானம் இறங்கும்போதுகூட நான் அப்படி வாயைப் பிளந்து பார்த்ததில்லை.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது ஆறு மணி நேரமும் நிக்கலாம், ஆறு நாளும் நிக்கலாம். இன்னும் சில ஊசி தேவைப்படும். மாத்திரை பதினாலு நாளுக்குத் தர்றேன். ஆனா ஃபார்ம்ல ரெண்டாவது கையெழுத்து இல்லை. அடுத்த செவ்வாய்க்குள்ள வரணும். வரலைன்னா அடுத்த அட்டை கிடையாது. விதியை நானே மீற முடியாது."

மூன்றே கால் மணிக்கு ரோட்டோரம் ஒரு புங்கமரத்தடியில் நின்றோம். முதல் ஷிஃப்ட் விட்டாயிற்று. வெள்ளை உறை போட்ட புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் போயின. வெயிலில் அவை கார் மாதிரியே இல்லை. முட்டைகளை யாரோ ஊர்வலம் கொண்டுபோகிற மாதிரி இருந்தது.

ஒரு கம்பெனி பஸ் எங்கள் முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது.

"ஏல அருளு! அங்ஙன நின்னு என்னல செய்யுத? ஏறு!"

டிரைவர் பிச்சையா. சங்கரன்கோவில்காரர். அருள்பாண்டி வேலை பார்த்த லைனுக்கு ஆறு வருஷமாக அதே பஸ்தான்.

"வெளியாளை ஏத்தக்கூடாதே அண்ணாச்சி," என்றான் இவன்.

"நீ வெளியாளால? ஒங்க மாமாவ சூப்பர்வைசர்னு நெனச்சுக்கிடுதேன். ஏறுங்க மாமா."

உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்த பஸ் அப்படித்தான் இருக்கும். வளைவு வந்தால் அத்தனை தலையும் ஒன்றாக வலப்பக்கம் சாயும். அடுத்த வளைவில் அத்தனையும் இடப்பக்கம். அருள்பாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வல்லம் தாண்டுவதற்குள் வலது கண்ணும் இடது கண்ணோடு போய்ச் சேர்ந்துவிட்டது. தலை என் தோளில் விழுந்தது.

பிறகு குறட்டை.

அதை எப்படிச் சொல்ல? முதலில் கிரைண்டரில் அரிசி போட்ட மாதிரி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி வந்தபோது, தண்ணீருக்கு மேல் ரொம்ப தூரத்தில் படகு மோட்டார் ஓடுகிற மாதிரி. ஏரியில் நின்ற கொக்குகள் திரும்பிப் பார்த்தன. எண்ணினேன், நானூறு கொக்கு.

மண்ணூர் ரோட்டில் சிறுபாலம் கட்டுவதற்காகப் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டி தாண்ட முடியாது. அந்த இடத்தில்தான் எங்கள் ஸ்டாப்பிங். பஸ் நின்றது. பிச்சையா திரும்பிப் பார்த்தார்.

"எழுப்பட்டுமா மாமா?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். "எட்டு மாசம்பா," என்றேன். "ஒரே ஒரு நிமிஷம்."

அவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். தொடை மேல் விரிந்து கிடந்த கையைப் பார்த்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

அப்போது வந்ததே ஒரு அமைதி! எனக்கு நினைவிருக்கிறது, ஜன்னல் வழியாகச் சேற்று வாசனை வந்தது. ஒரு மீன்கொத்தி கூப்பிட்டது. அப்புறம் நான் எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். அருள்பாண்டி அந்தக் கையைக் கழற்றி மேடை மேல் வைத்தான். முள் அசையவில்லை. 'வண்டி காலிப்பா, எடுத்துக்கினு போ' என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

"மாமா! மாமா! இறங்குங்க. வரிசை கூட்டுரோடு வரைக்கும் போயிட்டு." பிச்சையா என்னை உலுக்கிக்கொண்டிருந்தார்.

விழித்தேன். திரும்பிப் பார்த்தால் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் பஸ். வானம் வரைக்கும் பஸ். ஒரு சத்தம் இல்லை.

"ஒருத்தனும் ஹார்ன் அடிக்கலையா?"

"மொதல்ல ஒருத்தன் அடிச்சான். பொறவு நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் இறங்கி வந்தான். நம்ம சன்னல்கிட்ட வந்து நின்னான். அப்படியே பின்னால போயி ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் என்னமோ சொன்னான். அமந்து போச்சு. திரும்ப வந்து இங்ஙனயே நின்னான். நீங்க முழிக்கிறப்பத்தான் போறான்."

நீலச் சட்டை. இந்த ரோட்டில் எவன் நீலச் சட்டை போடாதவன்?

"எத்தினி நேரம் நின்னோம்?"

"இருக்கும், ஒரு பத்துப் பதினொரு நிமிஷம்," என்றார் பிச்சையா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பூஜா ஐந்தரைக்கு வந்தாள். கூடத்தில் பாயில் அவள் புருஷன் கால் நீட்டி, கை விரித்து, மல்லாந்து கிடந்தான். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். பிறகு நான் சொன்ன நாற்பத்துநாலு பஸ் கதையைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னாள்.

தமிழ்வாணன், எங்கே சுற்றினானோ, ஆறரைக்குத்தான் வந்தான். எப்போதும் பளபளவென்று இருக்கும் அவனுடைய சேஃப்டி ஷூவில் கணுக்கால் வரை செம்மண். வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

விடுவேனா? ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஆம்புலன்ஸில் சொன்ன நாலைச் சொன்னேன். அவன் கை கயிற்றில் நின்றது. குறட்டையைச் சொன்னேன், கொக்கைச் சொன்னேன், நாற்பத்துநாலு பஸ்ஸும் பதினொரு நிமிஷம் ஹார்ன் இல்லாமல் நின்றதைச் சொன்னேன்.

"நாப்பத்திநாலா? எண்ணுனியாப்பா?"

"எண்ணினேன்."

"தூங்கிக்கினே எண்ணுனியா?"

உள்ளேயிருந்து பூஜா களுக்கென்று சிரித்தாள்.

"உனக்கு ரீடிங் வேணும்," என்றேன். "நீ நம்ப மாட்டே. போ."

அவன் எழுந்து ஒற்றை ஷூவோடு கூடத்து வாசலில் போய் நின்றான். ஃபேன் காற்றில் அருள்பாண்டியின் இடது கைச் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபிரிஜ் கதவில் காந்தம் ஒட்டின ஃபார்ம் தொங்கியது. என் கையெழுத்துக்குக் கீழே வெறும் கோடு. தமிழ்வாணன் அதையும் பார்த்தான்.

"ஒன்பது பஸ்ஸுப்பா," என்றான்.

"இன்னாது?"

"நாப்பத்திநாலு இல்ல. ஒன்பது. என் பஸ்ஸு நாலாவது." அவன் திரும்பவில்லை. "ஹார்ன் அடி, அடின்னு எங்க டிரைவர்கிட்ட கத்தினவனே நான்தான். எவன்டா ரோட்டை மறிச்சிக்கினு நிக்கிறான்னு சண்டை போடத்தான் இறங்கிப் போனேன். ஜன்னல்ல பாத்தா நீங்க ரெண்டு பேரும்."

பூஜா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"அந்தக் கை மேல ஒரு ஈ உக்காந்துக்கினு இருந்துச்சுப்பா. விரல் மேல நடந்துச்சு. மணிக்கட்டு வரைக்கும் போயி திரும்பி வந்துச்சு. மாப்ள அசையவே இல்ல." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "அதுக்கப்புறம் நான் இன்னா பண்றது? ஒவ்வொரு பஸ்ஸா போய் ஹார்ன் அடிக்காதீங்கன்னு சொன்னேன்."

எனக்கு வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. இதைத்தான் நீங்கள் நம்பவே மாட்டீர்கள். பிறகுதான் கேட்டேன்.

"அப்போ பதினோரு நிமிஷம் ரோடே சத்தமில்லாம நின்னது நிஜம்தான்னு ஒத்துக்கிறியா?"

"நிஜம்தான். நடந்துச்சு," என்றான் தமிழ்வாணன். "ஆனா பதினொண்ணு இல்லப்பா. பத்தொம்போது. நான் வாட்சைப் பாத்துக்கினேதான் நின்னேன்."